லு ஆவ்ர் மியூமா: ஒரு நாள் போய்வரத் தகுமா?

டிராயிங் மாஸ்டர் (திருப்பூர், இப்போது பாரிஸ்)

வணக்கம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் பாரிஸில் இருக்கிறாள், நானும் மனைவியும் ஆறு வாரத்துக்கு வந்திருக்கிறோம். போன வாரம் ஓர்சே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஓவியர் மோனேயின் படங்களைப் பார்த்ததைவிட, அவற்றைச் செல்போனில் பிடிப்பவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

இப்போது மருமகன், "லு ஆவ்ர்னு ஒரு துறைமுக ஊர் இருக்கு மாமா, அங்கே மியூமான்னு சின்ன மியூசியம், கூட்டமே இருக்காது" என்கிறார். ரயிலில் இரண்டு மணி நேரமாம். மூன்று கேள்விகள். அவ்வளவு தூரம் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? மோனேயின் அந்தப் புகழ்பெற்ற சூரிய உதயப் படம் அந்த ஊரில் வரைந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அது அங்கேதானே இருக்கும்? அப்புறம், என் மனைவிக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்க வேண்டியிருக்குமா?

---

தூத்துக்குடிக்காரன்

சார், நான் லு ஆவ்ரில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. ஓவியம் படித்தவன் இல்லை, மழைக்கு ஒதுங்கித்தான் முதல் தடவை உள்ளே போனேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை.

முதலில் இரண்டாவது கேள்வி. 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' இங்கே இல்லை. வரைந்தது இங்கேதான், 1872இல், துறைமுகத்தைப் பார்த்த ஓட்டல் ஜன்னலிலிருந்து. ஆனால் படம் பாரிஸிலேயே மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்காக இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இங்கே மோனே இல்லாமல் இல்லை. 1904இல் வரைந்த அல்லிக்குளம் ஒன்று இருக்கிறது, மூடுபனியில் லண்டன் நாடாளுமன்றம் இருக்கிறது. ரெனுவார், சிஸ்லே, தெகா எல்லாம் உண்டு. பிசாரோ 1903 கோடையில் இங்கே வந்து தங்கி, ஓட்டல் ஜன்னலிலிருந்தே துறைமுகத்தைப் படம் படமாக வரைந்தார். கண்ணில் கோளாறு, வெளியே காற்றில் உட்கார்ந்து வரைய முடியாது. அதில் இரண்டை இந்த ஊர் அருங்காட்சியகம் அந்த வருடமே அவரிடமிருந்து வாங்கியது. நவம்பரில் அவர் இறந்துவிட்டார். அந்தப் படங்களில் கப்பல் புகை, படகுத்துறைப் படிக்கட்டு, குடை பிடித்த ஆட்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் நான் உங்களை வரச்சொல்வது இவர்களுக்காக இல்லை சார். யூஜீன் பூடான் என்று ஒருவர். பக்கத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஓன்ஃப்ளரில் 1824இல் பிறந்தவர், அப்பா கப்பல்காரர், இவரும் சின்ன வயதில் படகில் எடுபிடி வேலை பார்த்தவர். அப்புறம் லு ஆவ்ரில் காகிதம், பிரேம் விற்கும் கடை போட்டார். அந்த மாதிரிக் கடைக் கண்ணாடியில்தான் பள்ளிக்கூடப் பையன் மோனே வரைந்த கேலிச்சித்திரங்கள் தொங்கின. பூடான்தான் அவனைப் பிடித்து, "வெளியே வா, வானத்தைப் பார்த்து வரை" என்று இழுத்துப்போனவர். மோனேவே பிற்காலத்தில் தன்னை ஓவியனாக்கியது பூடான் என்று ஒப்புக்கொண்டார்.

பூடான் இறந்த பிறகு 1900இல் அவருடைய தம்பி, பட்டறையில் கிடந்ததையெல்லாம் அள்ளி இந்த ஊருக்குக் கொடுத்தார். இருநூற்றுக்கு மேல். முடிக்காத படங்கள், பயிற்சிப் படங்கள். மேகம், மேகம், மேகம். அப்புறம் மாடுகள். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுகூட இல்லாத பலகையில் மாடு நிற்கிறது, மாடு படுத்திருக்கிறது, மாடு பின்பக்கத்தைக் காட்டுகிறது. முதுகுக்கு ஒரே இழுப்பு, அதோடு தூரிகையை எடுத்துவிட்டார். காலை முடிக்கவே இல்லை. பையன்களுக்குப் படம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு அந்தச் சுவரை விட்டு நகர மனம் வராது என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? போதலேர் என்ற கவிஞர் 1859இல் பூடானின் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: அந்த மேகப் படங்களின் ஓரத்தில் தேதி, நேரம், காற்று எல்லாம் குறித்திருந்ததாம். அக்டோபர் 8, நண்பகல், வடமேற்குக் காற்று என்பது போல. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலில் லாக் புக் எழுதுவதும் இப்படித்தான். எங்கள் ஊரில் வள்ளக்காரர்கள் வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கப்பல்காரர் மகன் படம் வரைந்தால் காற்றின் திசையை எழுதாமல் இருப்பானா!

கட்டடமும் ஒரு காரணம். பழைய அருங்காட்சியகம் 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் ஊரோடு போய்விட்டது. இப்போது இருப்பது 1961இல் திறந்தது. சுற்றிலும் கண்ணாடி, இரும்பு, கூரையில் வெயிலை வடிகட்ட அலுமினியப் பட்டைகள். துறைமுக வாய்க்கு நேரே நிற்கிறது. சுவரில் பூடானின் வானம், திரும்பினால் கண்ணாடிக்கு வெளியே அதே வானம், நடுவில் கன்டெய்னர் கப்பல் ஒன்று ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம் போல நகரும். என் அலுவலகம் பேப்பர் போட்ட கப்பலாகவும் இருக்கலாம், அப்போது மட்டும் ஓவியத்தில் மனம் நிற்காது.

திங்கட்கிழமை வராதீர்கள். விடுமுறை. சென்னையிலிருந்து வந்த அத்தானைப் பெருமையாகக் கூட்டிப்போய்ப் பூட்டின கதவைக் காட்டியவன் நான், இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

---

சோர்போன் மாணவி

மார்மொத்தான் பற்றி ஒரு கூடுதல் தகவல் ஐயா: அந்தச் சூரிய உதயப் படம் 1985இல் துப்பாக்கி முனையில் திருடுபோனது, 1990இல் கோர்சிகா தீவில் கிடைத்தது. லா முயெத் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கூட்டமும் தாங்கும்.

லு ஆவ்ர் பற்றி எனக்கு வேறு கருத்து. ஊர் முழுக்கச் சாம்பல் நிற கான்கிரீட். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஜிவெர்னியில் மோனேயின் தோட்டத்துக்குப் போங்கள், அம்மாவுக்கும் பூக்கள் பிடிக்கும்.

---

தூத்துக்குடிக்காரன்

தங்கச்சி, கான்கிரீட்டைத் திட்டாதே! போரில் இடிந்த ஊரைக் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே கட்டி எழுப்பியது அது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. சார், நேரம் இருந்தால் அவர் வடிவமைத்த சேன் ஜோசப் தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். 107 மீட்டர் கோபுரம், உள்ளே மேலே வரை வண்ணக் கண்ணாடி. அம்மா உட்கார்ந்த இடத்திலேயே அண்ணாந்து பார்க்கலாம். ஜிவெர்னியில் பூ பார்க்க வரிசையில் நிற்க வேண்டும், அதையும் முழங்காலைக் கேட்டு முடிவு பண்ணுங்கள்.

சேன் லசார் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். மோனே புகையும் எஞ்சினுமாக வரைந்தாரே, அதே நிலையம். இங்கே இறங்கியதும் டிராம், கடற்கரை வரை போகும். அங்கிருந்து கடலோரமாக மெதுவாக நடந்தால் கால் மணி நேரம், இருபது நிமிடம். முடியாவிட்டால் நிலையத்திலேயே டாக்சி. மியூமா சின்ன இடம், ஓர்சே மாதிரி கால் ஓய்ந்துபோகாது.

---

டிராயிங் மாஸ்டர்

தம்பி, நேற்று போய்வந்தோம். உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மழை. டாக்சியிலேயே போனோம். பூடான் சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன், பின்னால் யாரும் இடிக்கவில்லை. நீங்கள் சொன்ன முதுகுக்கோட்டைப் பார்த்தேன். பையன்களிடம் "ரப்பரைத் தொடாதே, கையை எடுக்காமல் இழு" என்று கத்திக்கொண்டே இருப்பேன், ஒருத்தனும் கேட்டதில்லை. பூடான் கேட்டிருக்கிறார். ஒரு பலகையில் மாட்டுக்கு நிழல் இருக்கிறது, கால் இல்லை. ஆனாலும் மாடு நிற்கிறது.

மனைவிக்கு மேகத்தில் நாட்டம் இல்லை. அவள் தானாகவே ஒரு படத்தைக் கண்டுபிடித்தாள், நீங்கள் சொல்லவே இல்லையே! வலோத்தோன் என்பவர் 1893இல் வரைந்தது, 'வால்ஸ்'. ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடுகிறார்கள், உருவம் எல்லாம் பொடிப்பொடியாகத் தூவினது போல. கீழே வலது மூலையில் ஒரு பெண்ணின் முகம் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். "பாட்டு எங்கே போகுதுன்னு அவளுக்கு மட்டும் தெரியும் போல" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் படமும் இன்னும் இருநூறு சொச்சம் படங்களும் ஒரே ஆள் சேர்த்தவையாம். ஒலிவியே சென், இந்த ஊர்ப் பஞ்சு வியாபாரி. அவருடைய பேத்தி 2004இல் கொடுத்திருக்கிறார். "நம்ம ஊரிலும் பஞ்சு, நூல்னு சம்பாதிச்சவங்க எத்தனை பேர்" என்று மனைவி ஆரம்பித்தாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மழை விட்டதும் வெளியே இருக்கும் கான்கிரீட் சிற்பத்தருகே நின்று சின்ன நோட்டில் மேகத்தைப் பென்சிலில் போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு போட்ட முதல் படம். தேதி எழுதிவிட்டேன், பிற்பகல் 3.40 என்றும் எழுதிவிட்டேன். காற்றுதான் தெரியவில்லை. கடலைப் பார்த்து நின்றேன், துறைமுகம் இடதுகைப் பக்கம், காற்று நேராக முகத்தில் அடித்தது. அது என்ன காற்று?

---

தூத்துக்குடிக்காரன்

கச்சான், சார்.