கண்வலிக்கிழங்கில் ‘கண்வலி’ எப்படி வந்தது?

செங்காந்தளின் நாட்டுப்பெயர்களைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஒரே பெயரில் வந்து இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: கண்வலிக்கிழங்கு.

மற்றதெல்லாம் சுலபம். கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் இரண்டு கிளையாக மடங்கி அப்படியே ஏர் மாதிரி இருக்கும், அதனால் கலப்பைக்கிழங்கு. வடமொழியிலும் இதன் பெயர் இலாங்கலி, இலாங்கலம் என்றால் கலப்பைதான். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் முதலில் வருவதே இதுதான், ஆனால் அங்கே செங்காந்தள் என்றுதான் இருக்கிறது, கண்ணும் இல்லை வலியும் இல்லை.

அகராதிகளைப் புரட்டினேன். செடியைச் சொல்கின்றன, காரணம் சொல்லவில்லை. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்கிறார்கள், நானும் அந்தச் சிவப்பு மஞ்சள் இதழ்களை அரைமணி நேரம் முறைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கிழங்கில் கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருப்பதால், பிள்ளைகளைக் கிட்டே விடாமலிருக்கக் கட்டிய கதையோ என்று ஒரு சந்தேகம். சரி, அது என் ஊகம்தான்.

‘கண்வலி’ என்ற பெயருக்குக் காரணம் சொல்லும் பழைய மருத்துவச் சுவடியோ நிகண்டோ யாராவது பார்த்திருக்கிறீர்களா?