மழைக்கு முன்னாடி பாலிசி: வேளச்சேரி ஏ பிளாக் குழு

கீதா: நாளைக்கு கார் பாலிசி ரெனியூவல். ஏஜென்ட் இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா சேர்க்கச் சொல்றார். சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கற காம்ப்ரிஹென்சிவ் பாலிசிலயே வெள்ளம் வந்துடுமே?

ரவி (இன்சூரன்ஸ் சேதத்த மதிப்பிடுற சர்வேயர்): வரும் மேடம். ஆனா சீட், கார்பெட், வயரிங்னு தண்ணி நேரா கெடுத்ததுக்குத்தான். தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா 'கான்சிக்வென்ஷியல் லாஸ்', அதாவது பின்விளைவா வந்த நஷ்டம்னு கழிச்சிடுவாங்க. கட்டாயம் சேருங்க. வண்டி பழசானா இன்ஜின் ப்ரொடெக்ட் பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க.

பாஸ்கர்: ஸ்டார்ட் பண்ணா அப்படி என்ன ஆகும்?

செல்வம் (ஒர்க்‌ஷாப்): ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருக்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வந்து முட்டினதும் கனெக்டிங் ராடு வளையும், சமயத்துல பிளாக்கையே உடைக்கும். அதனால தயவுசெஞ்சு சாவியே போடாதீங்க. தண்ணி வடிஞ்சதும் பேட்டரி நெகட்டிவக் கழட்டுங்க. தண்ணிக்கோடு தெரியிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அன்னிக்கே கம்பெனிக்குச் சொல்லிடுங்க. வண்டிய முழுசா மேல ஏத்திக்கிட்டுப் போற ஃப்ளாட்பெட் லாரிலதான் ஏத்தணும். கயிறு கட்டி இழுக்கறப்ப கியர்ல இருந்தா சக்கரமே இன்ஜினச் சுத்திடும், அதே சேதம்தான். ஆயில் அளவு பாக்கற குச்சில (டிப்ஸ்டிக்) ஆயில் பால்காப்பி கலர்ல இருந்தா உள்ள தண்ணி கலந்தாச்சு.

பாஸ்கர்: எப்பவோ ஒரு வெள்ளத்துக்கு வருஷா வருஷம் பிரீமியமா?

நிர்மலா அக்கா: எப்பவோ இல்ல பாஸ்கர். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், அதே மாசம் காயல்பட்டினத்துல 95 செ.மீ. காத்து 1 டிகிரி கூடச் சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தப் பிடிச்சு வைக்கும். பெய்யறப்ப அவ்வளவும் சேர்ந்து கொட்டுது. மிக்ஜாமுக்கு நிவாரணம் 6,000 ரூபாய். அதுல ஒரு ஃப்ரிட்ஜ் வருமா?

கீதா: வீட்டுக்கு எது எடுக்கலாம் சார்?

ரவி: பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல்லேருந்து எல்லாக் கம்பெனிலயும் ஒரே ஷரத்து. புயல், வெள்ளம் ரெண்டும் உண்டு. கட்டடத்துக்கு எடுத்தா அந்தத் தொகைல 20 சதவீதம், 10 லட்சம் வரைக்கும், சாமானுக்குத் தானா வரும். மனை விலையச் சேர்க்காதீங்க, கார்பெட் ஏரியாவ (சுவருக்குள்ள இருக்கற தளப் பரப்பு) இன்னிக்குக் கட்டுற செலவால பெருக்கினாப் போதும். நகைக்குத் தனியா எடுக்கணும். வாடகைக்கு இருக்கறவங்க சாமானுக்கு மட்டும் எடுக்கலாம்.

செல்வம்: பொதுவுல இன்னொண்ணு. ரெட் அலர்ட் வந்ததும் லிஃப்ட ரெண்டாவது மாடில நிறுத்தி மெயின ஆஃப் பண்ணணும். கீழ நின்னா லிஃப்டுக்கு அடில இருக்கற குழில (பிட்) ஏறுற தண்ணில கேபினும் நனையும். சம்ப் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டும் தரையோட இருக்கு, நாலடி மேல தூக்கணும்.

நிர்மலா அக்கா: எலக்ட்ரீஷியன ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். சம்ப் மூடிக்கு ரப்பர் கேஸ்கட்டும் சேர்த்துப் போட்டுடலாம், சாக்கடைத் தண்ணி உள்ள போகக் கூடாது.