46 வயதில் பிடிஎஸ் ரசிகையாகிவிட்டேன்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: குடந்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை ஏட்டின் பின்னட்டையில் எனக்குத் தெரியாத எழுத்துகளில் ஏழு வரிகள் இருந்தன. என்ன இது என்று கேட்டேன். கடிந்துகொள்வேனோ என்று தயங்கியவள், பிறகு ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்துக் காட்டினாள்: கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யுன்கி, ஜொங் ஹோசொக், பாக் ஜிமின், கிம் தேஹியோங், ஜொன் ஜொங்குக். தென்கொரிய இசைக்குழுவான பிடிஎஸ்ஸின் இந்த ஏழு உறுப்பினர்களும் மேடையேறும்போது ரசிகர்கள் இந்த வரிசையில்தான் பெயர்களை முழங்குவார்களாம்.

அன்றிரவு அவள் சொன்ன 'ஸ்பிரிங் டே' பாடலைக் கேட்டேன். அது 'போகோ ஷிப்தா' என்று தொடங்குகிறது. திரையில் ஓடிய ஆங்கில வரி அதை 'ஐ மிஸ் யூ' என்றது. எனக்கு அது போதவில்லை. தேடிப் பார்த்ததில், 'போகோ' என்பது பார்ப்பதையும் 'ஷிப்தா' என்பது விருப்பத்தையும் குறிக்கும் என்று அறிந்தேன். அதாவது, 'பார்க்கணும் போல இருக்கு'. வெளியூரில் இருக்கும் என் தம்பியிடம் தொலைபேசியில் என் அம்மா சொல்லும் சொல் அது. ஆங்கிலத்தின் 'மிஸ்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லையே என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தடுமாறியிருக்கிறேன். கொரிய மொழியும் நம்மைப் போலவே பார்க்கும் ஆசையைக் கொண்டுதான் பிரிவைச் சொல்கிறது என்று தெரிந்த நொடியில், அந்தப் பாடலை மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அன்றிலிருந்து நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் ஐயங்கள். இவர்கள் 2013 முதல் பாடிவருகிறார்கள்; இவ்வளவு பாடல்களில் எங்கிருந்து தொடங்குவது? மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் கேட்பது முறையான ரசனையாகுமா? இசைத்தட்டுகள், படங்கள், ஒளிரும் கைவிளக்கு ஆகியவற்றை வாங்கினால்தான் 'ஆர்மி' (பிடிஎஸ் ரசிகர் கூட்டத்தின் பெயர்) என்று ஏற்பார்கள் என்கிறாள் என் அண்ணன் மகள். அது உண்மையா?

மறுமொழி 1: ஊதா வானம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் 2017 முதல் கேட்டுவருகிறேன். நீங்கள் நுழைந்த வாசலே நல்ல வாசல் என்பதால், அந்தப் பாடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 ஏப்ரல் 16 அன்று செவொல் என்ற பயணக் கப்பல் தென்கொரியக் கடலில் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் ஆன்சான் நகரிலுள்ள ஒரே பள்ளியிலிருந்து சுற்றுலா சென்ற மாணவர்கள். 'ஸ்பிரிங் டே' 2017 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் காணொளியில் குவிந்து கிடக்கும் உடைகளையும், குடைராட்டினத்தில் கட்டியிருக்கும் மஞ்சள் நாடாக்களையும் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் நாடா அந்த விபத்தின் நினைவுச் சின்னம். குழுவினர் இதுதான் பொருள் என்று அறுதியிட்டுச் சொல்லாமல் கேட்பவருக்கே விட்டுவிட்டார்கள். ஆனால் கொரியர்கள் பலர் அதை அந்தப் பிள்ளைகளுக்கான பாடலாகவே கேட்கிறார்கள். ஆண்டுதோறும் வசந்தம் வரும்போது அங்கே அது மீண்டும் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வகுப்பே திரும்பி வராத துயரம் எப்படிப்பட்டது என்று உங்களைப் போன்ற ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கத்துக்கு வருகிறேன். பெரும்பாலானோர் 2020இல் வந்த 'டைனமைட்' பாடலைத்தான் புதியவர்களுக்குக் கொடுப்பார்கள். மகிழ்ச்சியான பாடல்தான், ஆனால் அது முழுக்க ஆங்கிலம். உங்களை ஈர்த்தது மொழி என்பதால் அதைப் பிறகு கேட்கலாம். 2015இல் வெளிவந்த 'ஹ்வாயாங்யொன்ஹ்வா' தொகுப்புகளிலிருந்து தொடங்குங்கள். மலர் போன்ற ஆண்டுகள், வாழ்வின் மிக அழகிய பருவம் என்று பொருள்படும் அந்தச் சொல் சீன வேர் கொண்டது. அறிமுகமாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு சிறிய நிறுவனத்தின் குழுவாகப் பாடுபட்டவர்கள், அதில் உள்ள 'ஐ நீட் யூ' பாடலுக்காகத்தான் 2015 மே மாதம் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி ஒன்றில் முதன்முறையாக முதலிடம் பெற்றார்கள். அடுத்து 2016இன் 'விங்ஸ்'. அது ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'டெமியான்' நாவலைத் தழுவி எழுந்தது, உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அதன் பிறகு 'லவ் யுவர்செல்ஃப்' வரிசை. அந்த வரிசையில் 2018இல் வந்த தொகுப்புதான் அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரிய இசைத்தொகுப்பு. மற்றவை தாமாக வந்து சேரும்.

மறுமொழி 2: சுவோன்வாசி

வணக்கம், டீச்சர். ஆராய்ச்சிப் பணிக்காகக் கொரியாவில் ஐந்தாண்டுகளாக இருக்கிறேன். மொழி தெரியாமல் ரசிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: ரசிக்கலாம், ஆனால் ஒரு தமிழாசிரியர் அந்த இடத்தில் நின்றுவிடுவது பெரிய இழப்பு.

முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்த எழுத்துமுறை அது. ககரம் போன்ற மெய்யின் வடிவம், அதை ஒலிக்கும்போது நாக்கின் அடிப்பகுதி மேலெழுந்து நிற்கும் நிலையைக் காட்டுகிறது. நகர மெய், நுனிநாக்கு மேலே தொடுவதைக் காட்டுகிறது. மகரம் வாயின் வடிவம். தொல்காப்பியப் பிறப்பியலை வகுப்பில் நடத்தியவருக்கு இதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 'போகோ' என்பதில் முதலில் வரும் எழுத்து 'பல்' என்பதில் உள்ள பகரத்துக்கு நெருக்கமாக ஒலிக்கும். நடுவில் வரும் ககரமோ 'மகன்' என்பதில் உள்ளது போல மெலிந்து ஒலிக்கும். 'ஷிப்தா' என்பதில் ஒற்றுக்குப் பின்வரும் தகரம் மெலியாது. வல்லினம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் ஒலி மாறும் நம் வழக்கமே அங்கும் பெரிதும் நடக்கிறது. ஆங்கில எழுத்தில் இந்தச் சொற்களைப் படிப்பவர்கள் குழம்புவார்கள். தமிழில் எழுதிப் படித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று சிலர் எழுதுவார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. நீங்களும் அந்த வழியில் போக வேண்டாம்.

அடுத்தது உறவுச் சொற்கள். குழுவில் மூத்தவர் ஜின் (கிம் சொக்ஜினின் மேடைப் பெயர்), 1992 டிசம்பரில் பிறந்தவர். குழுத் தலைவர் ஆர்எம் (கிம் நம்ஜூன்) 1994இல் பிறந்தவர். தலைவராக இருந்தும் ஆர்எம் அவரை 'ஹியோங்' என்றுதான் அழைப்பார், அதாவது அண்ணன். ஆங்கில வரிகளில் அந்த இடத்தில் பல நேரம் வெறும் பெயர் நிற்கும். அண்ணனைப் பெயர் சொல்லி அழைக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது என்று புரியும். 'மக்னே' என்று ஜொங்குக்கைச் சொல்வது நம் 'கடைக்குட்டி'யேதான்.

வட்டார வழக்கில் ஆர்வம் இருந்தால், 2013இல் வந்த 'பல்தோகாங்சான்' பாடலைத் தேடிக் கேளுங்கள். தேகு ஊர்க்காரரான சுகா (மின் யுன்கி) கியோங்சாங் வழக்கிலும், குவாங்ஜு ஊர்க்காரரான ஜே-ஹோப் (ஜொங் ஹோசொக்) ஜொல்லா வழக்கிலும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் வாதிடுவது போல இருக்கும்.

சென்ற ஆண்டு காங்னுங் நகருக்கு அருகில் உள்ள ஜுமுன்ஜின் கடற்கரைக்குப் போயிருந்தேன். 'ஸ்பிரிங் டே' இடம்பெற்ற தொகுப்பின் அட்டைப்படத்துக்காக அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் அமைத்துப் படமெடுத்துவிட்டு அகற்றினார்கள்; ரசிகர்கள் தேடி வந்ததால் நகர நிர்வாகம் அதைத் திரும்ப எழுப்பியது. எந்தப் பேருந்தும் நிற்காத நிறுத்தம் அது. பின்னால் அலையடிக்கும் மணற்கரையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மூவர், பிடிஎஸ் ரசிகர்களின் நிறமான ஊதாவில் கழுத்துத் துணியுடன் படமெடுத்துக்கொள்ளத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். உங்கள் வயதைக் குறிப்பிட்டிருந்ததால் இதைச் சொல்கிறேன்.

மறுமொழி 3: மதுரை மீனா

அக்கா, செலவு பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரே இசைத்தொகுப்பு மூன்று, நான்கு வடிவங்களில் வெளிவரும். உள்ளே யாருடைய போட்டோகார்டு இருக்கும் என்பது உறையைப் பிரித்தால்தான் தெரியும். பிடித்தவரின் படம் கிடைக்கும்வரை வாங்கத் தூண்டும் ஏற்பாடு அது, எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு. தபால் செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து குரூப் ஆர்டர் போடுவதும் வழக்கம். அப்படி முகம் தெரியாத ஒருவருக்கு 2,400 ரூபாய் அனுப்பினேன். இரண்டு மாதம் 'சுங்கத்தில் நிற்கிறது' என்றவர், மூன்றாவது மாதம் கணக்கையே மூடிவிட்டார். அந்தப் பணம் என் முதல் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்தது. நேரில் தெரிந்தவர்கள் நடத்தினாலொழிய அதில் சேராதீர்கள்.

வாங்கினால்தான் ஆர்மி என்பது முழுத் தவறு. 2020 ஜூனில் இனவெறிக்கு எதிரான இயக்கத்துக்குப் பிடிஎஸ் குழுவும் நிறுவனமும் பத்து லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்ததும், ஏறத்தாழ ஒரே நாளில் அதே தொகையை உலகெங்கும் உள்ள ரசிகர்கள் சிறு சிறு தொகையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். யார் வீட்டில் எத்தனை இசைத்தட்டு இருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் இன்றுவரை கைவிளக்கு இல்லை. எழுவரும் ராணுவக் கடமையை முடித்துத் திரும்பிய 2025 ஜூன் மாதத்தில், அலுவலக விடுதி அறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

குடந்தை ஆசிரியை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. செவொல் பற்றிப் படித்த பிறகு காணொளியை மீண்டும் பார்த்தேன். அந்த உடைக் குவியலைத் தாண்டி இரண்டு நாள் என்னால் போக முடியவில்லை. எழுத்துகளில் பதினான்கு மெய்களைக் கற்றுவிட்டேன், உயிர்கள்தான் இன்னும் குழப்புகின்றன. அந்த மாணவி இப்போது திருச்சியில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நேற்று அவளிடமிருந்து கொரிய எழுத்தில் ஒரு செய்தி வந்தது. மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'போகோ ஷிப்பொயோ'. பாடலில் 'ஷிப்தா' என்றல்லவா இருக்கிறது, கடைசியில் வரும் 'யோ' எதைக் குறிக்கிறது? அவளுக்கு நானும் கொரிய எழுத்திலேயே பதில் எழுத விரும்புகிறேன்.

சுவோன்வாசி

டீச்சர், அந்த 'யோ' மரியாதைக்கு வருவது, நம் 'ங்க' போல. 'பார்க்கணும் போல இருக்குங்க' என்று எழுதியிருக்கிறாள். பெரியவர்களைப் பார்ப்பதைச் சொல்லப் பணிவான வினைச்சொல் ஒன்று தனியாக உண்டு; ஆசிரியரிடம் 'பெப்கோ ஷிப்பொயோ' என்பது இன்னும் பொருத்தம், அதை அவளுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கலாம். உங்கள் பதிலில் 'யோ' தேவையில்லை. நீங்கள் அவளுக்கு மூத்தவர், 'நாதோ போகோ ஷிப்தா' என்று எழுதுங்கள். 'நாதோ' என்றால் 'நானும்'.