பாம்பன் வீட்டுக் குழு: படகை விற்பதா?

பெரியப்பா, இரவு 8:10
பிள்ளைகளே, போன வாரம் நான் ஒலிப்பதிவில் சொன்ன இருபதை ஒருவர் இருபதாயிரம் என்றும், இன்னொருவர் இருபது நாள் என்றும் எடுத்துக்கொண்டதில் வீட்டுக்குள் மனத்தாங்கல் வந்துவிட்டது. ஆகவே பணத்தைப் பற்றிய பேச்சு இனி எழுத்தில்தான் நடக்க வேண்டும். வாத்தியார் புத்தி போகவில்லை என்று சிரித்தாலும் சரி, முழு வாக்கியமாக எழுதுங்கள்.

சின்ன அண்ணன் (சார்ஜா), 8:16
அப்படியே எழுதுகிறேன், பெரியப்பா. தங்கச்சிமடத்தில் ஒருவர் படகை இன்ஜின், வலையோடு சேர்த்து 2,10,000 ரூபாய்க்குக் கேட்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போன அப்பா இனி வலை இழுக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். என்னால் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அம்மாவின் நகையும் பேங்கில் இருக்கிறது. எனக்கும் மனம் வரவில்லைதான், ஆனாலும் விற்றுவிடலாம் என்றே நினைக்கிறேன்.

பெரிய அண்ணன், 8:25
தம்பி, நீ கேட்பதில் தப்பில்லை, ஆனால் கேட்கும் நேரம் தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும்போது, தடை இல்லாத நம்மைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டுக்கும் ஊளி மீனுக்கும் கரையிலேயே ஆள் நின்று விலை கேட்கிறார்கள். போன வாரம் தென்கடலில் ஐந்து நாள் தொழில் பார்த்தேன். எண்ணெய்ச் செலவும் ஆள் கூலியும் போகப் படகுப் பங்கு மட்டும் 9,300 ரூபாய் வந்தது. அந்தப் பங்கு அப்பாவுடையது. அவர் கட்டிலில் படுத்திருந்தாலும் படகு அவருக்காக உழைக்கிறது. காற்று எழும்பினால் நான்கைந்து நாள் ஒன்றுமே வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான், 8:41
அப்பாவுடன் மருத்துவமனைக்குப் போய்வருபவள் நான் என்பதால் கணக்கை எழுதுகிறேன். காப்பீட்டு அட்டை வருவதற்கு முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு முறை டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் ரத்தச் சுத்திகரிப்பு, செய்ததற்கு, ஊசி, குழாய், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய் போனது. அந்தக் கடன்தான் இன்னும் கழுத்தைப் பிடிக்கிறது. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. இப்போது ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நடக்கிற டயாலிசிஸுக்கு நாம் பணம் கட்டுவதில்லை. மாதம் 13 நடை, நடைக்கு 2,000 ரூபாய், ஆக 26,000 ரூபாய் வாடகைக் காருக்குத்தான் போகிறது. படகை விற்று அந்தக் காருக்குக் கொடுத்தால் எட்டு மாதத்தில் தீர்ந்துவிடும்.

அத்தை, 8:47
நான் காலையில் நம் மரத்து இளநீர் நான்கு கொடுத்தனுப்பினேனே, என் தம்பி, உங்கள் அப்பா, குடித்தானா? சூட்டுக்கு நல்லது.

நான், 8:50
அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே கெடுத்துவிடும் என்று நர்சம்மா கண்டித்துச் சொன்னார். உப்புக்காகக் கருவாட்டையும் நிறுத்தியிருக்கிறோம். தண்ணீரை அம்மா சில்வர் டம்ளரில் அளந்துதான் கொடுக்கிறார். இளநீரைப் பிள்ளைகள் குடித்துவிட்டார்கள்.

அக்கா (உச்சிப்புளி), 9:02
காருக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். போகும்போது காலைப் பாசஞ்சரில் அழைத்துப்போங்கள். டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கண் சொருகி வரும்போது மட்டும் கார் வைத்துக்கொள்ளலாம், பாதிச் செலவு மிஞ்சும். டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு, டாக்டரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டில் அது பெரிய தொகை இல்லைதான், ஆனால் மதுரைக்குப் போக நேர்ந்தால் உதவும். என் வீடு ஸ்டேஷன் பக்கம்தானே, முடியாத நாளில் இங்கே இறங்கிப் படுத்துக்கொள்ளட்டும்.

சின்ன அண்ணன் (சார்ஜா), 9:15
கணக்கை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கே மாதம் முப்பதாயிரம் ஆகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஜூன் 14 வரை தங்கச்சிமடத்துக்காரருக்குப் பதில் சொல்லாமல் இருப்போம். பழைய கடனுக்கு இந்த மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக அனுப்புகிறேன்.

பெரியப்பா, 9:18
நல்லது. உன் அப்பா என்ன சொல்கிறான் என்பதையும் கேட்டு எழுதம்மா, படகு அவனுடையது.

நான், 9:34
அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் என் விரலை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்ஜின் ஓடுகிறது பார்" என்றார்; உண்மையிலேயே தோலுக்கு அடியில் அப்படித்தான் அதிர்கிறது. விற்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெரிய அண்ணனுக்கு மட்டும் ஒரு செய்தி: பின்பக்கம் இன்ஜின் மாட்டும் இடத்தில் ஃபைபர் வெடித்திருக்கிறதாம், நாளை கடலுக்குப் போவதற்கு முன்பு அதைப் பார்க்க வேண்டுமாம்.

பெரிய அண்ணன், 9:36
பார்த்துவிட்டேன். நாளை போகவில்லை, ஒட்டிக் காயவைத்துவிட்டு மறுநாள் போகிறேன் என்று சொல். புதன்கிழமை அவரை ரயிலேற்ற நான் வருகிறேன்.