டெத் ரேஸ் (2008): கைதிகளை வைத்து இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

உவர்மலைப் பொடியன்:
நேற்று திருகோணமலையில் நண்பன் வீட்டில் இருந்து டெத் ரேஸ் பார்த்தோம். ஜேசன் ஸ்டேதம் படம், கார்ச் சண்டைதானே என்று பார்க்கத் தொடங்கினால் எனக்கு மனதில் நின்றது அந்தச் சிறைதான். இரும்பாலை மூடி வேலை போனவனை, மனைவியைக் கொன்றான் என்று பொய்யாக மாட்டி உள்ளே கொண்டுவந்து, செத்துப்போன பிராங்கன்ஸ்டைன் என்ற ரேஸ் ஓட்டுநரின் முகமூடியைப் போட்டு ஓட விடுகிறார்கள். ஐந்து ரேஸ் வென்றால் விடுதலையாம். சனம் காசு கட்டி இணையத்தில் பார்க்குது. இதற்கு முன்னோடியான 1975 படமும் இதே கதையா? அப்புறம், நிஜத்தில் எங்கேயாவது கைதிகளை வைத்துக் காட்சி நடத்தியிருக்கிறார்களா?

பழைய ரீல்:
அது வேறு கதை தம்பி. டெத் ரேஸ் 2000, றோஜர் கோர்மன் தயாரிப்பு. சிறையே இல்லை. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டம், வீதியில் போகிற ஆட்களை இடித்தால் புள்ளி. டேவிட் கராடின்தான் பிராங்கன்ஸ்டைன், அவனுக்குப் போட்டியான ஓட்டுநர் மெஷின் கன் ஜோ சில்வெஸ்டர் ஸ்டலோன், ராக்கி வருவதற்கு முதல் வருடம். புதிய படத்தின் தொடக்கத்தில் முகமூடிக்குள்ளிருந்து வரும் குரலும் கராடினுடையது.

நிலாவெளிக்காரி:
நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அங்கோலா சிறையில் 1965இல் தொடங்கிய ரோடியோ, அதாவது காளை, குதிரைகளோடு மோதும் காட்சி. நாலு கைதிகள் மேசையைச் சுற்றிக் கதிரையில் சீட்டு விளையாட இருப்பார்கள், காளையை அவிழ்த்து விடுவார்கள், கடைசிவரை எழும்பாதவன் வென்றவன். சனம் டிக்கெட் எடுத்து வந்து பார்க்கும். கொல்லுகிற போட்டி இல்லை, ஆனால் வாழ்நாள் தண்டனைக்காரனைக் காளைக்கு முன்னால் இருத்திக் கைதட்டுவதை என்னால் ஏற்க முடியாது. லாபத்துக்குச் சிறை நடத்தும் கம்பனிகளும் அமெரிக்காவில் 1980களிலேயே வந்துவிட்டன.

கொட்டியாரம்:
எனக்குப் படத்தின் மேலேயே கோபம். பார்வையாளர் கூடட்டும் என்று வோர்டன், அதுதான் அந்தச் சிறைத் தலைவி, ட்ரெட்நோட் என்ற ஆயுதம் பூட்டிய லொறியை இறக்குகிறாள், ஓட்டுநர்கள் வரிசையாகச் சாகிறார்கள், நாங்களும் அந்த இடத்தில்தான் விசில் அடிக்கிறோம். வோர்டன் மட்டும் கெட்டவள் என்று முடித்துவிட்டு, காசு கட்டிப் பார்த்த சனத்தை எதுவும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அது வேண்டுமென்றால் 1987இல் வந்த ரன்னிங் மேன் பார், அர்னால்ட் படம். ஸ்டுடியோவில் இருக்கிற ஆச்சிமார்கூட யார் யாரைக் கொல்லுவான் என்று பந்தயம் கட்டுவார்கள். அதில் நிகழ்ச்சி நடத்துகிற ரிச்சர்ட் டோசன் நிஜத்திலும் ரிவி போட்டி நடத்தியவர்தான்.