அக்காவுக்கு யார் கொடுப்பது?

சிறுநீரகம் செயலிழந்த என் அக்கா சில ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். ஒரு நாளுக்கான தண்ணீரைச் சின்ன பாட்டிலில் அளந்து வைத்து, மாத்திரைக்கென்று கடைசி இரண்டு மடக்கை மிச்சம் பிடிப்பாள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் இடமுண்டு, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் இடமுண்டு. எங்களுக்குத் தடையாக நின்றது பணமல்ல.

அவளோடு டயாலிசிஸ் தொடங்கிய ஆண்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஒருவருக்கு மனைவி சிறுநீரகம் கொடுத்தார், ஒருவருக்கு அம்மா, இன்னொருவருக்குத் தங்கை. பெண்களில் ஒரு கல்லூரி மாணவிக்கு மட்டும் கிடைத்தது. அவளுக்குக் கொடுத்ததும் தாய்தான். எங்கள் வார்டில் மட்டும் இப்படி இல்லை. 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945.

"வீட்டில் யார் கொடுப்பீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது அத்தானும் அங்கேதான் நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை நோய், கொடுக்க முடியாது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அத்தானுக்கு அக்காவின் அதே ஓ பாசிட்டிவ் ரத்தம். ஓட்டுநர் உரிமத்திலேயே அச்சிட்டிருக்கிறது. "சம்பாதிக்கிற பிள்ளை உடம்பில் கத்தி வைப்பதா?" என்றார் அவருடைய அம்மா. அக்காவும் முந்திக்கொண்டு, "அவர் வேண்டாம், இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் பதிந்துகொள்ளலாம்" என்றாள்.

பிரசவங்களால் பெண்ணின் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகி, கணவரின் சிறுநீரகம் பொருந்தாமல் போவதுண்டு. அதைப் பரிசோதனை சொல்லட்டும். பரிசோதனைக்கே போகாத வீட்டில் மாமியார் எப்படி முடிவு சொல்ல முடியும்?

பட்டியலிலும் ஓ வகையினருக்குக் காத்திருப்பு நீளம். அவர்களுக்கு ஓ வகைச் சிறுநீரகம்தான் பொருந்தும். காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை தரும்படி 2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்தியாவில் பெரும்பாலான சிறுநீரகங்கள் உயிரோடு இருப்பவர்களிடமிருந்துதான் வருகின்றன. அந்த முடிவு எடுக்கப்படுவது வீட்டுக் கூடத்தில்.

மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் அத்தானைத் தனியாக அழைத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். விருப்பமில்லை என்றால் அவர் வாயாலேயே சொல்லட்டும். இதுவரை அவரை ஒருவரும் கேட்கவே இல்லை. அக்காவுக்குத் தெரிந்தால் என்னிடம் சண்டை போடுவாள், போடட்டும். மனைவிக்குச் சிறுநீரகம் கொடுத்த கணவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள், இப்போது உடல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அத்தானிடம் படித்துக் காட்ட வேண்டும்.