பொறியாளர் வேலையை விட்டு மோட்டார் பத்திரிகைக்குப் போனவர்கள் உண்டா?

கேள்வி:
ஒன்பது வருடமாக பிரேக் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு மோட்டார் பத்திரிகை முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறது, சம்பளம் பாதிதான். அதைச் சமாளித்துவிடலாம். படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்றுதான் தூக்கம் வரவில்லை. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, நான் 14 வருடம் கியர்பாக்ஸ் வடிவமைப்பில் இருந்துவிட்டு எழுத வந்தவன். 22 வருடம் ஆகிறது. முதல் கட்டுரையில் கியர் விகிதங்களை எல்லாம் அடுக்கியிருந்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "ஆள் நிறைய ஏற்றினால் மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்குமா, இரண்டுக்கு இறக்கணுமா?" என்று கேட்டார். மறுநாள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரே மேட்டில் ஆறு முறை போய்வந்தேன். அச்சில் மிஞ்சியது அந்த ஆறு முறைதான்.

அப்புறம் எங்கள் கார் உரிமையாளர் சங்கம். அதன் தலைவர் பொறுப்பு என்னிடம் வந்த வருடம், எல்லோரும் சேர்ந்து போன பயணத்தில், நீண்ட மலை இறக்கத்தில் ஒருவருடைய பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினார். பேட், டிஸ்க் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் மட்டும் ஏழு வருடப் பழையது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பதே 155 தான். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடி வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிவிடும், மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

அடுத்த கூட்டத்தில் பேச்சே வைக்கவில்லை. ஈரம் பார்க்கும் கருவியோடு நின்று, வந்த வண்டிகளை எல்லாம் சோதித்தேன். மூன்றில் ஒன்றுக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. அதையே கட்டுரையாக்கினேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகக் கடிதம் வந்தது அதற்குத்தான்.

இன்னொன்று. கம்பெனிகள் விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு அழைப்பார்கள். போனால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
டெனிஸ் ஜென்கின்சனை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் படித்துவிட்டு மோட்டார் பத்திரிகையாளர் ஆனவர். இத்தாலியில் நடந்த 1955 மில்லே மிலியா சாலைப் பந்தயத்துக்கு முன்பே பாதையை ஓடிப்பார்த்து, வளைவுகளைச் சுமார் 18 அடி நீளக் காகிதச் சுருளில் குறித்துக்கொண்டார். பந்தயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காரை ஓட்டிய ஸ்டிர்லிங் மாஸுக்குக் கைச்சைகையால் வழி சொன்னார். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்து ஜெயித்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. ஒரு சந்தேகம்: ஈரம் பார்த்தது மேலே உள்ள ஆயில் டப்பாவிலா, சக்கரத்துப் பக்கம் பேடை அழுத்தும் காலிப்பரிலா? ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் ஏறும். காலிப்பர் பக்கம் அளவு கூடுதலாக இருக்குமே?

பதில் 1:
டப்பாவில் மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. கட்டுரையில் அதை விட்டுவிட்டேன். இரண்டு இடத்திலும் அளந்து நீங்களே எழுதுங்கள். எங்கள் சங்கத்து வண்டிகளைத் தருகிறேன்.